நீரை அளந்து வழக்கைத் தணித்த பார்ஷல்

சிறுபோகம் தொடங்கிச் சில வாரங்கள் கழிந்ததும் நமது கிழக்கின் வயல்வெளிகளில் ஆண்டுதோறும் ஒரு வழக்கு எழுவதை நாம் அறிவோம். போதிய தண்ணீர் திறந்து விடப்பட்டது என்பர் தலைமடையில் இருப்போர். ஒரு சொட்டும் வந்து சேரவில்லை என்பர் கடைமடையில் இருப்போர். இருவரில் எவரும் பொய் சொல்வதில்லை. மதகில் திறக்கப்பட்டது எவ்வளவு, வாய்க்காலின் நடுவழியில் எஞ்சியது எவ்வளவு, கடைசி வரம்பை எட்டியது எவ்வளவு என்பதைச் சொல்ல இருவரும் ஏற்றுக்கொள்ளும் சாட்சி ஒன்று இல்லை. வழக்கு நீள்வதற்கு அதுவே காரணம்.

சொறிக்கல்முனையும் அதனைச் சூழ்ந்த நாவிதன்வெளிப் பகுதியின் கொலனிக் கிராமங்களும் இவ்வழக்கை நன்கு அறிந்தவை. பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்துச் சேனநாயக்க சமுத்திரத்தை உருவாக்கிய கல்லோயாத் திட்டம் 1949 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. ஏறத்தாழ 7 இலட்சத்து 70 ஆயிரம் ஏக்கர் அடி நீரைக் கொள்ளும் அந்தப் பெருங்குளத்திலிருந்து இடதுகரை வாய்க்கால் வழியே வரும் நீர் கிளை வாய்க்கால்களாகவும் வயல் வாய்க்கால்களாகவும் பிரிந்து பிரிந்து கரையோரச் சமவெளியை அடைகின்றது. நீர் புறப்படும் இடத்துக்கும் அதை நம்பி விதைத்தவரின் வயலுக்கும் இடையே பல மைல் தூரமும் பல நூறு மதகுகளும் உள்ளன. இத்தகைய வாய்க்கால்களில் ஓடும் நீரை எவ்வாறு அளப்பது என்ற கேள்விக்குத் தன் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கொடுத்த ஒரு மனிதரைப் பற்றியே இங்கு எழுத விரும்புகின்றோம். அவர் பெயர் ரால்ஃப் லீரோய் பார்ஷல். நீர்ப்பாசனப் பொறியியல் கற்ற எவருக்கும் அப்பெயர் பாடப்புத்தகத்தில் பழக்கமானது. ஆனால் நீரை நம்பி வாழும் விவசாயிகளில் அவரை அறிந்தோர் மிகச் சிலரே.

பார்ஷல் 1881 ஆம் ஆண்டு அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ரொக்கி மலைத்தொடரின் அடிவாரத்திலுள்ள கோல்டன் என்னும் சிற்றூரில் பிறந்தார். கொலராடோ மாநிலமாகி அப்போது ஐந்து ஆண்டுகளே ஆகியிருந்தன. அது மழை குறைந்த நாடு. மலை உச்சிகளில் குளிர்காலத்தில் உறையும் பனி, கோடையில் உருகி ஆறுகளாக இறங்கும். அந்த நீரை வாய்க்கால் வெட்டித் திருப்பினால்தான் சமவெளியில் பயிர் விளையும். ஆகவே அங்கு நிலத்தின் பெறுமதியைத் தீர்மானித்தது மண்ணன்று, அந்த மண்ணுக்குரிய நீர் உரிமையே.

பார்ஷல் பிறப்பதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்னர் அம்மண்ணில் நடந்த ஒரு நிகழ்ச்சியை இங்கு நினைவுகூர வேண்டும். கேச் லா பூடர் என்னும் ஆற்றின் கீழ்ப்பகுதியில் கிரீலி என்ற குடியேற்றம் 1870 ஆம் ஆண்டு அமைக்கப்பட்டது. அங்கு வந்தவர்கள் வாய்க்கால் வெட்டிப் பயிர் செய்தனர். பின்னர் ஆற்றின் மேற்பகுதியில் போர்ட் கொலின்ஸ் ஊரார் புதிய வாய்க்கால்களை வெட்டினர். 1874 ஆம் ஆண்டின் வறட்சியில் மேலே நீர் ஓடியது, கீழே கிரீலியின் பயிர் வாடியது. இரு ஊராரும் கூடிப் பேசினர். பேச்சுச் சூடேறியது. பின்னர் பெய்த மழையே அன்றைய பகையைத் தணித்தது. ஆயினும் அச்சண்டை வீண்போகவில்லை. முதலில் நீரைப் பயன்படுத்தியவருக்கே முதல் உரிமை என்ற விதி 1876 ஆம் ஆண்டு கொலராடோவின் அரசியலமைப்பில் இடம்பெற்றது. ஒவ்வொரு வாய்க்காலுக்கும் வினாடிக்கு இத்தனை கன அடி என்று பங்கு குறிக்கப்படலாயிற்று.

விதி எழுதப்பட்டுவிட்டது. ஆனால் வினாடிக்கு இத்தனை கன அடி என்று ஏட்டில் எழுதுவது எளிது. புழுதியும் மணலும் கலந்து ஓடும் ஒரு மண் வாய்க்காலில் அதை அளந்து காட்டுவது அவ்வளவு எளிதன்று. அளக்க முடியாத உரிமை இருந்தும் இல்லாததற்குச் சமம். பார்ஷல் வளர்ந்த காலத்தின் பெரிய குறை இதுவேயாகும்.

அவர் போர்ட் கொலின்ஸ் நகரில் இருந்த கொலராடோ விவசாயக் கல்லூரியில் பயின்று 1904 ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். இன்று கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகம் என விளங்குவது அக்கல்லூரியே. 1907 ஆம் ஆண்டு அங்கேயே ஆசிரியராகத் திரும்பினார். அக்கல்லூரியில் நீரியல் ஆய்வுகூடம் ஒன்று அமைக்கப்பட்ட காலத்தில் அப்பணியிலும் ஈடுபட்டார். 1913 ஆம் ஆண்டு அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் நீர்ப்பாசன ஆய்வுப் பிரிவில் சேர்ந்தார். வேறு நகரங்களும் பெரிய பதவிகளும் இருக்க, அதே ஊரிலும் அதே ஆற்றங்கரையிலும் அவர் ஆயுளின் பெரும்பகுதி கழிந்தது. எந்த ஆற்றுக்காக இரு ஊர்கள் சண்டையிட்டனவோ, அந்த ஆற்றின் நீரை வைத்தே அவர் தமது ஆய்வுகளை நடத்தினார்.

அக்காலத்தில் வாய்க்கால் நீரை அளக்கப் பெரும்பாலும் தடுப்புப் பலகைகளே பயன்பட்டன. வாய்க்காலின் குறுக்கே ஒரு பலகையை நிறுத்தி, அதில் வெட்டிய திறப்பின் மேலாக நீர் எவ்வளவு உயரத்தில் வழிகின்றது என்று பார்த்துக் கணக்கிடுவர். தெளிந்த நீருக்கும் நல்ல சரிவுள்ள நிலத்துக்கும் அது சிறந்த முறைதான். ஆனால் அதற்கு இரண்டு குறைகள் உண்டு. பலகைக்குப் பின்னால் மணலும் வண்டலும் படிந்து கணக்கைக் கெடுத்துவிடும். மேலும் வழியும் நீர் தடையின்றிக் கீழே விழ வேண்டுமாதலால் வாய்க்காலின் மட்டத்தில் கணிசமான வீழ்ச்சி தேவை. தட்டையான நிலத்தில் அத்தனை வீழ்ச்சியைக் கொடுத்துவிட்டால் அப்பால் உள்ள வயலுக்கு நீர் ஏறாது. நமது கரையோரச் சமவெளியில் வயல் வைத்திருப்போருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதற்கு மாற்று வழி இத்தாலிய அறிஞர் ஒருவரின் ஆய்வில் இருந்தது. ஜொவானி பத்திஸ்தா வெஞ்சூரி என்பவர், குழாய் ஒடுங்கும் இடத்தில் நீரின் வேகம் கூடி அழுத்தம் குறைவதை 1797 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் ஆராய்ந்திருந்தார். அந்த உண்மையைக் கொண்டு குழாய் நீரை அளக்கும் கருவியை 1887 ஆம் ஆண்டளவில் கிளெமென்ஸ் ஹெர்ஷல் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் அமைத்தார். மூடிய குழாய்க்குப் பொருந்தியதைத் திறந்த வாய்க்காலுக்கும் பொருத்த முடியுமா என்ற முயற்சி போர்ட் கொலின்ஸில் 1915 ஆம் ஆண்டளவில் தொடங்கியது. விக்டர் கோன் என்பவர் வாய்க்காலின் இருபுறச் சுவர்களையும் நடுவில் ஒடுக்கி, பின் விரித்து, அதனூடே பாயும் நீரை அளக்கும் முறையை 1917 ஆம் ஆண்டு வெளியிட்டார். அதில் மணல் தங்கவில்லை. நீர் மட்டமும் அதிகம் வீழவில்லை. ஆனால் இரண்டு இடங்களில் உயரம் பார்த்துக் கணக்கிட வேண்டியிருந்தது. இரண்டு வாசிப்பு என்றால் இரண்டு பிழைகளுக்கு இடம் உண்டு.

பார்ஷலின் பணி இங்குதான் தொடங்குகின்றது. சுவர்கள் ஒடுங்கும் கோணத்தையும் விரியும் கோணத்தையும் அவர் மாற்றினார். எல்லாவற்றிலும் முக்கியமாக, ஒடுங்கிய கழுத்துப் பகுதியில் அடித்தளத்தைத் தாழ்த்தினார். ஓர் அடி முதல் 8 அடி வரை அகலமுள்ள அளவைக் கால்களில் கழுத்தின் நீளம் 2 அடி. அந்த 2 அடிக்குள் தளம் 9 அங்குலம் சரிந்து இறங்குகின்றது. அதன்பின் வரும் 3 அடியில் 6 அங்குலம் ஏறுகின்றது. ஆக, நுழைவாயில் தளத்தைவிட வெளிவாயில் தளம் 3 அங்குலமே தாழ்ந்திருக்கும். பார்ப்பதற்கு ஒரு சிறிய பள்ளம். ஆனால் அப்பள்ளத்தில் இறங்கும் நீர், தனக்குக் கீழே ஏற்படும் தடையின் செய்தி மேல்நோக்கி ஏறி வர முடியாத வேகத்தை அடைகின்றது. அதனால் நுழைவுப் பகுதியில் குறித்த ஓரிடத்தில் நீரின் உயரத்தை மட்டும் பார்த்தால் போதும், வினாடிக்கு எத்தனை கன அடி ஓடுகின்றது என்பது தெரிந்துவிடும். ஒரு சுவரில் பதித்த ஓர் அளவுகோல், ஓர் அட்டவணை. எழுத்தறிந்த எவரும் வாசிக்கலாம். தடுப்புப் பலகை கேட்கும் மட்ட வீழ்ச்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே இதற்குப் போதுமானது.

இதன் பயனை ஒரு கணக்கால் விளக்கலாம். கழுத்து ஓர் அடி அகலமுள்ள அளவைக் காலில் அளவுகோல் ஓர் அடி உயரம் காட்டினால், வினாடிக்கு 4 கன அடி நீர் ஓடுகின்றது என்று பொருள். அளவுகோல் அரை அடி காட்டினால் எவ்வளவு? பாதியாகிய 2 கன அடி என்றே நம்மில் பலர் விடை கூறுவோம். உண்மையில் ஓடுவது சுமார் 1.4 கன அடி மட்டுமே. முழு அளவில் மூன்றில் ஒரு பங்கை விடச் சற்றே அதிகம். ஒரு நாள் முழுவதும் 4 கன அடி ஓடினால் ஏறத்தாழ 48 ஏக்கருக்கு 2 அங்குல ஆழம் நீர் கட்டலாம். உயரம் பாதியானபோது 24 ஏக்கர் நனையும் என்று கண் கணக்கிடும். நனைவதோ 16 அல்லது 17 ஏக்கர் மட்டுமே. அதிகாரி கண்ணால் பார்த்துப் பாதி நீர் போகின்றது என்று மனதார நம்புகின்றார். விவசாயி தனக்குப் பாதி வரவில்லை என்று வயலில் நின்று காண்கின்றார். இருவருக்கும் இடையே காணாமற்போன அந்த ஏழெட்டு ஏக்கர் நீரை எவரும் திருடவில்லை. அளக்கத் தெரியாத கண் அதை மறைத்துவிட்டது.

பார்ஷல் தமது முதல் வெற்றியோடு நின்றுவிடவில்லை. ஆய்வுகூடத்திலும், ஆற்றங்கரையில் பெல்வியூ என்னும் இடத்தில் அமைந்த திறந்தவெளி ஆய்வு நிலையத்திலும், வெவ்வேறு அகலங்களில் அளவைக் கால்களைக் கட்டி, வெவ்வேறு அளவு நீரை விட்டு, ஒவ்வொன்றையும் அளந்து அட்டவணைகளைத் தயாரித்தார். சிறியதற்குக் கண்ட விதியைப் பெரியதற்கு அப்படியே நீட்டிவிட அவர் துணியவில்லை. அவருடைய ஆய்வின் விவரங்கள் 1926 ஆம் ஆண்டு அமெரிக்கக் குடிசார் பொறியியலாளர் சங்கத்தின் வெளியீட்டில் வந்தன. அப்போதும் அவர் அதற்குத் தம் பெயரைச் சூட்டவில்லை. திருத்திய வெஞ்சூரிக் கால் என்றே அழைத்தார். 1929 ஆம் ஆண்டு அச்சங்கத்தின் குழுவொன்றே அதற்குப் பார்ஷலின் பெயரை வைக்கப் பரிந்துரைத்தது. 10 அடியிலிருந்து 50 அடி வரை அகலமுள்ள பெரிய அளவைக் கால்களைப் பற்றிய அவரது வெளியீடு 1932 ஆம் ஆண்டு வந்தது. அவற்றில் மிகப் பெரியது வினாடிக்குச் சுமார் 3,000 கன அடி நீரையும் அளக்க வல்லது. கழுத்து ஓர் அங்குலமே உள்ள மிகச் சிறியவற்றைப் பின்னாளில் போர்ட் கொலின்ஸ் ஆய்வாளர்களே உருவாக்கினர்.

வாய்க்காலில் மணல் சேர்வதைத் தடுக்கும் அமைப்புகளையும் அவர் ஆராய்ந்தார். 1930களின் நடுப்பகுதியில் கொலராடோ மலைகளில் உறைந்திருக்கும் பனியை அளந்து, வரும் கோடையில் ஆற்றில் எவ்வளவு நீர் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்லும் பணியிலும் முன்னின்றார். வரப்போகும் நீரை அறிந்தால் விதைக்கும் அளவைத் தீர்மானிக்கலாம். வந்த நீரை அளந்தால் பங்கு வைக்கலாம். இரண்டும் ஒரே எண்ணத்தின் இரு முனைகள். நமது பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டங்களில் குளத்தின் நீர்மட்டத்தைக் கேட்டு விதைப்பு ஏக்கரை முடிவு செய்வதும் அதே எண்ணமேயாகும். பார்ஷல் 1959 ஆம் ஆண்டு தமது 78 ஆவது வயதில் காலமானார். அவர் பெயர் தாங்கிய அளவைக் கால் இன்று பல நாடுகளின் பாசன வாய்க்கால்களிலும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களிலும் பயன்படுகின்றது. 1992 ஆம் ஆண்டு அதற்கெனச் சர்வதேசத் தரநிர்ணயமும் வெளியிடப்பட்டது.

இந்தக் கருவிக்கும் எல்லைகள் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. தளம் ஒருபுறம் அமிழ்ந்தாலும், அளவுகோல் பிழையான இடத்தில் பதிக்கப்பட்டாலும், அது காட்டும் எண் பொய்யாகிவிடும். கீழ்ப்பக்கத்து நீர் மட்டம் மேல்பக்கத்து மட்டத்தின் 70 சதவீதத்தைத் தாண்டி உயர்ந்துவிட்டால் ஒரே வாசிப்பு போதாது. இரண்டாவது வாசிப்பும் திருத்தக் கணக்கும் தேவைப்படும். புல்லும் பாசியும் அடர்ந்த, துப்புரவு செய்யப்படாத வாய்க்காலில் இந்நிலை எளிதில் ஏற்படும். ஆகவே கட்டிவிட்டுக் கைவிடும் அளவைக் கால், கட்டாமல் விட்டதைக் காட்டிலும் தீமையானது. இல்லாத சாட்சியை எவரும் நம்பமாட்டார். பொய்ச் சாட்சியையோ பலரும் நம்பிவிடுவர்.

இன்னொரு எல்லையும் உண்டு. கருவி அளவைச் சொல்லும், பங்கைத் தீர்மானிக்காது. கொலராடோவில் முந்தியவருக்கே முதல் உரிமை என்பது சட்டம். நமது பண்பாடு அதுவன்று. இலங்கையின் பழைய குளக்கிராமங்களில் மரக்கட்டையில் வெட்டிய பள்ளங்களின் வழியே நீரைப் பாய்ச்சி, குறைந்தாலும் கூடினாலும் விகிதப்படி பகிரும் வழக்கம் இருந்தது. பற்றாக்குறையை எல்லோரும் சேர்ந்து சுமப்பது அதன் உட்பொருள். எந்த நீதியை ஏற்பது என்பதை மக்களே முடிவு செய்ய வேண்டும். ஏற்ற நீதி நடைமுறையில் நிறைவேறியதா என்று காட்டுவதே பார்ஷலின் அளவுகோலின் வேலை.

அப்படி மக்கள் கூடி முடிவு செய்ததற்கு நமது இடதுகரையே உதாரணமாக விளங்கியிருக்கின்றது. 1981 ஆம் ஆண்டின் சிறுபோகத்தில் சேனநாயக்க சமுத்திரத்தில் நீர் மிகக் குறைந்திருந்தது. அவ்வேளையில் கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னல் பல்கலைக்கழகமும் இணைந்து இடதுகரை விவசாயிகளை அமைப்பாக ஒன்றுசேர்க்கும் பணியை ஆரம்பித்தன. விவசாயிகள் வாய்க்கால்களைத் தாமே துப்புரவாக்கினர். முறை வைத்து நீர் பாய்ச்சினர். மிச்சப்பட்டதைக் கீழே உள்ளவர்களுக்கு விட்டனர். தலைப்பகுதியில் பெரும்பாலும் சிங்கள விவசாயிகளும் கடைப்பகுதியில் தமிழ் பேசும் விவசாயிகளும் இருந்த ஒரு வாய்க்கால் தொகுதியில், நாடு இனப்பகைமையில் எரிந்துகொண்டிருந்த ஆண்டுகளில், இது நடந்தது. அதில் பங்கெடுத்த கோர்னல் பேராசிரியர் நோர்மன் அப்ஹொஃப் 1992 ஆம் ஆண்டு அதைப் பற்றித் தனி நூலே எழுதினார். உலகெங்கும் பாசன நிர்வாகம் கற்போர் கல்லோயாவின் பெயரை அறிந்திருப்பது அதனாலேயே. நாம்தான் அதை மறந்து வருகின்றோமோ என்று அஞ்ச வேண்டியிருக்கின்றது.

நல்லெண்ணம் மட்டும் ஒரு போகத்துக்குப் போதுமானதாக இருக்கலாம். ஆண்டுகள் பல கடந்து, அன்று கைகோத்தவர்கள் மறைந்து, புதிய தலைமுறை வயலுக்கு வரும்போது, அந்த நல்லெண்ணத்தைத் தாங்கி நிற்க ஓர் எண் தேவை. கிளை வாய்க்கால் ஒவ்வொன்றும் பிரியும் இடத்தில் முறையாகக் கட்டிப் பராமரிக்கப்படும் அளவைக் கால் ஒன்றும், நாள்தோறும் அது காட்டும் எண்ணைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வைக்கும் பலகை ஒன்றும், அதை வாசிக்கப் பழகிய வட்டை விதானைமாரும் விவசாய அமைப்பினரும் இருப்பின், கடைமடையார் சந்தேகத்தோடு மேலே பார்க்க வேண்டியதில்லை. தலைமடையாரும் தாம் செய்யாத குற்றத்துக்குப் பழி சுமக்க வேண்டியதில்லை. உண்மையாகவே ஒருவர் மிகையாக எடுத்திருப்பின் அதுவும் ஒளிந்திருக்க முடியாது.

இதற்கு மாபெரும் அணைகள் தேவையில்லை, சில மூடை சீமெந்தும் சரியான மட்டமும் தேவை. அந்த மட்டத்தை ஆண்டுதோறும் சரிபார்க்கும் பொறுப்பு அதைவிட அதிகம் தேவை. பார்ஷல் வாய்க்காலின் தளத்தில் 9 அங்குலப் பள்ளமொன்றை வைத்து, சண்டையிட்ட இரு கரையாருக்கும் பொதுவான ஒரு மொழியைத் தந்துவிட்டுப் போனார். வரும் சிறுபோகத்தில் நமது வாய்க்கால்களும் அந்த மொழியைப் பேசக் கேட்பது நமது விவசாயிகளின் உரிமை. அதைப் பேச வைப்பது பொறுப்பில் உள்ளோரின் கடமை.